எட்டாவது நிறுத்தத்துக்கு ஏழு

கம்ப்யூட்டர் எனக்கு முதன்முதலில் காட்டிய வார்த்தை 'சிண்டாக்ஸ் எரர்'. எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கரண்ட் மீட்டர் ஓடுவதுபோல என் தப்புகளெல்லாம் உள்ளே எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கும், ஒருநாள் யாராவது வந்து குறித்துக்கொண்டு போய் மாஸ்டரிடம் கொடுத்துவிடுவார்கள் என்றுகூடத் தோன்றியது.

மாஸ்டர் என்பது எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை நடத்தியவர். தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது இன்ஸ்டிடியூட். நான் அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு எந்த விரலை எந்தக் கட்டையில் வைப்பது என்று காட்டுவேன். மற்ற நேரத்தில் தாலுகா ஆபீசுக்குப் போகும் மனுக்களை அடித்துக் கொடுப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அது நானாக இருந்தேன். அவ்வளவுதான் கதை. இங்கிலீஷ் எழுத்து கண் வழியாக வந்து விரல் வழியாகப் போய்விடும். நடுவில் அர்த்தம் என்று எதுவும் தங்காது.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு மத்தியானம் அந்தப் பெட்டி வந்தது. பெட்டி என்ன பெட்டி, கட்டைகள் வைத்த ஒரு பலகை. அதை ஒரு கறுப்பு வெள்ளை டி.வி.யோடும் ஒரு டேப் ரெக்கார்டரோடும் இணைத்தார்கள். எழுதிய புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். மறுபடி ஏற்றும்போது பூனைச் சண்டை மாதிரி ஒரு சத்தம் வரும். மெட்ராஸில் ஒரு கம்பெனி ஆறு மாதத் தவணைக்கு அதை மாஸ்டரிடம் விட்டிருந்தது. ஆறு மாதம் கழித்து அவர்கள் ஆள் வருவார். கணக்குகள் கொடுப்பார். அதற்கு இங்கே இருக்கிற யாராவது புரோகிராம் எழுதிக் காட்டினால் மெஷின் இங்கேயே இருக்கும், வகுப்பு தொடங்கலாம்.

"இல்லன்னா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா அவரே கட்டித் தூக்கிக்கினு போயிடுவாரு" என்றார் மாஸ்டர். "எனக்குக் கண்ணு தெரியல, விரலும் மடங்கல. நீங்க ரெண்டு பேரும்தான் பாத்துக்கணும்."

இரண்டாவது ஆள், பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். அவலூர்பேட்டைப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். வாய் மட்டும் ஐந்து வயது பெரியது. நான் இரண்டு நாள் மறைத்து வைத்திருந்த 'சிண்டாக்ஸ் எரர்' விஷயத்தைக் கடைசியில் அவளிடம்தான் சொன்னேன்.

"அக்கா, அது நீங்க கமா போடலன்னு சொல்லுது. போலீஸ்ல ஒண்ணும் சொல்லாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் காலையிலேர்ந்து அதான் சொல்லிக்கினு இருக்கு."

அகராதியில் அந்த வார்த்தையைத் தேடினோம். நான் முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினேன். அவள் பிடுங்கி நடுவில் திறந்தாள். நாங்கள் தேடும் எழுத்து அதற்குப் பின்னால். மீதியில் நடுவைத் திறந்தாள். ஒன்பது பத்துத் தடவையில் வார்த்தை வந்துவிட்டது. ஆயிரம் பக்கத்துக்குப் பத்தே தடவையா? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு போனேன். இரண்டாயிரம் பக்கமாக இருந்தால்? இன்னும் ஒரே ஒரு தடவை கூடும். இரட்டிப்பாகும் புத்தகத்துக்கு ஒரே ஒரு தடவை! அந்த 'ஒரே ஒரு தடவை' வாய்க்குள் வைத்த கல்கண்டு மாதிரி வெகுநேரம் கரையாமல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் பத்தாவதுக்கு நான் அடம் பிடித்திருப்பேனோ என்னவோ.

மெஷினோடு வந்த புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் கணக்குகள் இருந்தன. பத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு என்பது அதில் ஒன்று. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, மாறியிருந்தால் இடம் மாற்று, மாற்ற ஒன்றும் இல்லாமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய் என்பது வரைக்கும் நானே யோசித்துவிட்டேன். ஆனால் ஓட்டினால் பத்து எண்களில் நான்கைந்து காணாமல் போய், இருந்த எண்களே இரண்டு மூன்று தடவை வந்து நின்றன. மெஷினுக்குள் எண்ணை வைக்கும் இடத்தை நாங்கள் டப்பா என்போம். முதல் டப்பாவில் இரண்டாவது டப்பாவின் எண்ணைப் போடு, இரண்டாவதில் முதல் டப்பாவின் எண்ணைப் போடு என்றுதானே எழுதியிருக்கிறேன், இதில் எது எங்கே தொலையும்?

ஒரு வாரம் அது பிடிபடவில்லை. அப்புறம் ஒருநாள் ஜன்னலோர டைப்ரைட்டரையும் கதவோர டைப்ரைட்டரையும் மேஜை மாற்றி வைக்கச் சொன்னார் மாஸ்டர். நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்கு வந்து, அங்கே வைக்க இடமில்லாமல் கை கடுக்க நின்றேன்.

"இன்னாம்மா நிக்கற? அதை ஸ்டூல் மேல வையி. இதை அங்க தூக்கு. அப்புறம் ஸ்டூல்ல இருக்கறதை இங்க வையி" என்றார்.

நான் ஸ்டூலைப் பார்த்தேன். டைப்ரைட்டரை அதன்மேல் வைத்துவிட்டு, மீதி வேலையை அப்படியே விட்டு, நேராகப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். புரோகிராமில் ஸ்டூல் இல்லை! முதல் டப்பாவில் புது எண்ணைப் போட்டவுடன் பழைய எண் நசுங்கிப் போகிறது. முதலில் அதை மூன்றாவது டப்பா ஒன்றில் தூக்கி வைக்க வேண்டும். ஒரு வரி கூடுதலாக அடித்து, கடைசி வரியை அந்த டப்பாவிலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். பத்து எண்களும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றும் தொலையவில்லை. டைப்ரைட்டர் மட்டும் சாயங்காலம் வரைக்கும் ஸ்டூல் மேலேயே இருந்தது.

இதையெல்லாம்விட என்னை ஆச்சரியப்படுத்தியது வேறு ஒன்று. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் ஜாஸ்தி. பூட்டின பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். எங்காவது கிளம்பினால் பஸ் வராவிட்டால் என்ன செய்வது, வந்து நிற்காவிட்டால், நின்று இடமில்லாவிட்டால் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "வாயைக் கழுவு" என்பாள் அம்மா. ஆனால் இந்த மெஷினோ அதைத்தான் கேட்டது. பத்து எண்களும் ஒரே எண்ணாக இருந்தால்? ஒரு எண்கூடக் கொடுக்காமல் வெறுமனே பொத்தானை அழுத்தினால்? பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால்? அந்தப் பெண் ஒரு கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாள். நான் ஒரு மணி நேரம் அதில் என்னென்ன கெட்டுப்போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுடைய புரோகிராம் என் கேள்வி ஒன்றில் விழுந்துவிட்டால், "அக்கா, உங்க கையில மாட்டினா எமன்கூட முழிப்பான்" என்பாள். என் வாழ்க்கையில் நான் கவலைப்பட்டதற்காக ஒருவர் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் ஆறாவது மாதம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. பிள்ளைகள் வந்தால் மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் துணியால் துடைப்பேன், போனதும் துடைப்பேன். தாலுகா ஆபீஸ் மனுக்களை அடிக்கும்போதுகூட மனம் அடுத்த அறையில் இருக்கும். அது போய்விட்டால் நான் திரும்பவும் கண்ணால் பார்த்து விரலால் அடிக்கிறவள். என் கேள்விகளைக் கேட்டுக்கொள்ள ஒரு ஆள் கிடையாது.

மெட்ராஸ்காரர் ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். முப்பத்தைந்து இருக்கும். எங்கள் ஊருக்கு அதற்கு முன் வந்ததில்லை என்றார். கோயிலுக்குப் போகவில்லையா என்று மாஸ்டர் கேட்டதற்கு, நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். ஒரு தாளை நீட்டி எங்கள் விவரங்களை எழுதச் சொன்னார். படிப்பு என்ற இடத்தில் அவள் பட்டத்தை எழுதினாள். நான் 'டைப்ரைட்டிங்' என்று மட்டும் எழுதிவிட்டு, அவர் அதை வாசிப்பதற்குள் தாளை மடித்துக் கொடுத்தேன்.

ஐந்து கணக்குகள். இருப்பது ஒரு மெஷின் என்பதால் முதலில் காகிதத்தில் எழுதச் சொன்னார். என்னை முன்னறையில் உட்கார வைத்தார். அவள் உள்ளறையில். முதல் நான்கும் பழகினவைதான். ஐந்தாவது: வட்டமான ஒரு சாலை. அதில் வரிசையாக எட்டு நிறுத்தங்கள். ஏதாவது இரண்டு நிறுத்தங்களைக் கொடுத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை நிறுத்தம் கடந்தால் போய்ச் சேரலாம், குறைந்தது எத்தனை என்று சொல்ல வேண்டும்.

படித்ததும் சிரிப்பு வந்தது. வட்டச் சாலை, எட்டு இடம். இது தெரியாமலா? கழித்துப் பார்க்க வேண்டியதுதான். சேர வேண்டிய எண் சிறியதாக இருந்தால் ஒரு எட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எட்டாவதிலிருந்து ஒன்றாவதுக்கு ஒன்று. மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏழு. என் வழக்கப்படி எல்லாச் சந்தேகத்தையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறுத்தமாக இருந்தால் பூஜ்யம். ஒன்பது என்று யாராவது கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். பூஜ்யம் கொடுத்தாலும் சொல்லும். அரை கொடுத்தாலும் சொல்லும். மூன்று தடவை சரிபார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான்காவது தடவை பார்க்கத் தோன்றாமல் எழுந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக மெஷினில் அடித்து ஓட்டினோம். நான்கு கணக்கு இரண்டு பேருக்கும் சரி. ஐந்தாவதை முதலில் என்னுடையதில் ஓட்டினார். ஒன்று, எட்டு என்று கொடுத்தார். ஏழு என்று வந்தது.

"தப்பு" என்றார்.

அவர் அவளுடையதை ஓட்டினார். ஒன்று, எட்டு. அதுவும் ஏழு.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு. அதே இடத்துல. அதே எட்டைக் கூட்டியிருக்கீங்க" என்றார். பிறகு மாஸ்டரிடம், குரலைத் தாழ்த்தி, "சார், ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. இதுக்கு மேல நான் பண்ண ஒண்ணும் இல்ல" என்றார். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கையில் சுற்றத் தொடங்கினார்.

"நாங்க பாக்கல சார்" என்றாள் அவள். "சுவரு இருந்துது."

நான் அவர் சுற்றும் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எப்படியோ கேட்டேன்: "சார், ஏழு எப்படித் தப்பு?"

"ஒண்ணாவதும் எட்டாவதும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்மா. வட்டம்தானே? ஒரு ஸ்டாப் பின்னால போனாப் போதும். ஒண்ணு."

"பின்னாலயா?" என்றேன்.

"எப்படி சார் பின்னால போறது?" என்றாள் அவள்.

மாஸ்டரும், "பின்னால யாரு சார் போவாங்க?" என்றார்.

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி செய்கிறோமோ என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கீழ்த் தெரு டீக்கடைக்காரர் நான்கு டீயைக் கம்பித் தட்டில் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். மாஸ்டர் சட்டென்று அவரை நிறுத்தினார்.

"யோவ், ஒரு கணக்கு சொல்லு. ரவுண்டா ஒரு ரோடு. எட்டு எடம். ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவதுக்குப் போவணும்னா எத்தினி தாண்டணும்?"

டீக்கடைக்காரர் தட்டைக் கீழே வைக்கவில்லை. "ஏழு. ஏன், மாஸ்டருக்கு மறந்து பூட்சா?"

"பின்னால திரும்பிப் போனா ஒண்ணுதானே?" என்றார் மெட்ராஸ்காரர்.

டீக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு சார் எடமாப் போவணும்? மலை வலது கைப் பக்கம் இருக்கணும். இந்திர லிங்கத்துல ஆரமிச்சா ஈசானிய லிங்கத்துக்கு ஏழு தாண்டித்தான் வருவாங்க. குறுக்கால வந்தா அது என்ன சுத்து?" டீயை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "சாருக்கு வெளியூரா?"

டீக்கடைக்காரர் கீழே போனார். மெட்ராஸ்காரர் டீயைக் குடிக்காமல் ஜன்னலண்டை போனார். அங்கிருந்து பார்த்தால் பாத்திரக்கடைக் கூரைக்கு மேலே மலை தெரியும். மலையைக் காட்டினார்.

"அதைச் சுத்தி நடப்பீங்களா?"

"ஆமாங்க, கிரிவலம். எட்டு லிங்கம் இருக்கு, எட்டுத் திசைக்கும்" என்றாள் அவள்.

"ஒருத்தர்கூட எதிர்ப்பக்கம் நடந்தது கிடையாதா?"

நாங்கள் மூவரும் யோசித்தோம். உண்மையாகவே யோசித்தோம். எனக்கு அப்படி ஒரு ஆளைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் வராவிட்டால், பூட்டு திறந்துகொண்டால், அரை கொடுத்தால், பூஜ்யம் கொடுத்தால் என்று எத்தனையோ கேட்ட நான், திரும்பி நடந்தால் என்ன என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கத் துணியாமல் இருந்திருந்தால்கூடச் சரி. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியவில்லை. இன்னும் இப்படி எத்தனை கேள்வி இருக்கும்? அந்த நேரத்திலும், ஒயர் பாதி சுற்றியிருந்த அந்த நேரத்திலும், அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"காப்பி அடிக்கல, ஒத்துக்கறேன்" என்று திரும்பினார் அவர். "ஆனா தப்பு தப்புதான். அஞ்சும் சரியா வந்தாத்தான் நான் எழுத முடியும். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க உக்காருங்க. நான் கை வெச்சா அவசரத்துல இன்னொண்ணைக் கெடுத்துடுவேன்."

உட்கார்ந்தேன். முதலில் ஒரு வட்டம் போட்டு எட்டுப் புள்ளி வைத்தேன். பென்சிலை வலமாக ஓட்டி எண்ணினேன். பிறகு பென்சிலை எதிர்ப்பக்கம் ஓட்டினேன். காகிதத்தின் மேல்தான் என்றாலும் மனசு கொஞ்சம் கூசியது. ஒன்றிலிருந்து எட்டுக்கு வலமாக ஏழு, இடமாக ஒன்று. இரண்டிலிருந்து ஐந்துக்கு வலமாக மூன்று, இடமாக ஐந்து. மூன்றிலிருந்து ஏழுக்கு இந்தப் பக்கமும் நான்கு, அந்தப் பக்கமும் நான்கு. எப்படிப் போட்டாலும் இரண்டையும் கூட்டினால் எட்டு வந்தது. அட! அப்படியானால் அந்தப் பக்கத்தை எண்ணவே வேண்டாம். இருக்கிற விடையை எட்டிலிருந்து கழித்து, இரண்டில் எது கம்மியோ அதைச் சொன்னால் முடிந்தது. பழைய வரிகளில் ஒன்றையும் அழிக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன். இரண்டும் ஒரே நிறுத்தமாக இருந்தால் பூஜ்யம்தானே வருகிறது என்று பார்த்துக்கொண்டேன். வந்தது.

ஆனாலும் என்னால் எழ முடியவில்லை. இன்னும் கொஞ்சம் அடித்தேன்.

"என்ன பண்றீங்க? சரியாத்தானே இருக்கு" என்றார் பின்னால் நின்றிருந்த மெட்ராஸ்காரர்.

"சார், ரோடு ரெண்டு பக்கமும் போகலாம்னு உங்க தாள்ல போடல. எங்க ஊரு மாதிரி ஒரு ஊரு இருந்தா? அதான் முதல்லயே கேக்க வைக்கறேன். வழி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமான்னு."

அவர் தன் தாளை எடுத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். உட்கார்ந்து ஒன்று, எட்டு கொடுத்தார். மெஷின் வழி எத்தனை பக்கம் என்று கேட்டது. இரண்டு என்றார். விடை ஒன்று. மறுபடி கொடுத்து, ஒரு பக்கம் என்றார். ஏழு. பிறகு எட்டு, ஒன்று. ஐந்து, ஐந்து. ஒன்பது, மூன்று. எதிலும் விழவில்லை.

கம்பெனி ஃபாரத்தை எடுத்தார். காலையில் நான் மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தார். "டைப்ரைட்டிங்னு போட்டிருக்கீங்க. எது வரைக்கும் படிச்சீங்க?"

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அதற்கு முன் நான், "ஒம்பதாவது" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். "வகுப்பு எடுக்கறவங்களுக்கு டிகிரி கேக்கறாங்க. அது என் கையில இல்ல."

"எம்பேரைப் போடுங்க சார்" என்றாள் அவள். "அக்கா எடுக்கட்டும். நான் போர்டுல இருக்கேன்."

"உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தா?" என்றேன், பழக்க தோஷத்தில்.

"பாத்தீங்களா சார்! நல்லது நடக்கறப்பகூட இவங்களுக்கு ஒரு 'வந்தா'." சிரித்துவிட்டாள். "வந்தா வேற ஒரு பி.எஸ்சி.யைப் பிடிக்கலாம்க்கா. ஊர்ல அவங்களுக்கா பஞ்சம்?"

அவர் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தக் கட்டத்துக்குள் என் பெயர் எப்படித் தெரியும் என்று ஒரு நொடி பார்த்தேன். பிறகு அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன ஒயரை எடுத்துச் சுற்றுப் பிரித்து, டேப் ரெக்கார்டரில் திரும்ப மாட்டினேன். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. நான் புரோகிராமைக் கேசட்டில் பதிந்தேன். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? இன்னொரு கேசட்டிலும் பதிந்தேன்.

அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இன்னும் என்னக்கா?"

"நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மரம் விழுந்து ரோடு அடைஞ்சிருந்தா?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.